நம்ம ஊர்ச் சரக்கையே வாங்கணுமா? வாசகர் கேள்வி–பதில்

வேலை நாட்கள் குறைந்துபோன வீடுகளிலிருந்தும் வியாபாரம் மந்தமான கடைகளிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். கடிதங்கள் பெரும்பாலும் வடசென்னையிலிருந்து வந்தவை.

தண்டையார்பேட்டை வாசகி: என் கணவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள்தான் வண்டி ஓடுகிறது. "இந்த நேரத்துல இந்தியப் பொருளைத்தாம்மா வாங்கணும்" என்று மகன் பிடிவாதம் பிடிக்கிறான். கையில் காசு கம்மி. விலை குறைந்ததை வாங்குவதா, நம் நாட்டுப் பொருளை வாங்குவதா?

உங்கள் மகன் சொல்வது நியாயம்தான் அம்மா. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வாடகை, பள்ளிக் கட்டணம், அரிசி பருப்பு, மருந்து எல்லாவற்றுக்கும் மூன்று மாதத்துக்கு ஆகும் பணம் தனியாகச் சேரட்டும். அதுவரை எந்த நாட்டுப் பெரிய பொருளும் வேண்டாம். "வட்டியில்லா இ.எம்.ஐ." என்று யார் சொன்னாலும், பிராசசிங் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடி மூன்றையும் கூட்டிப் பாருங்கள். வட்டி வேறு பெயரில் உள்ளே இருக்கும்.

வாங்கியே ஆக வேண்டிய பொருளுக்கு, விலையை அது உழைக்கும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். 400 ரூபாய்க்கு வாங்கிய ஸ்கூல் பை எட்டு மாதத்தில் கிழிந்தால் மாதம் 50 ரூபாய். 900 ரூபாய் பை மூன்று வருடம் தாங்கினால் மாதம் 25 ரூபாய். ஜிப் ரன்னர் தேய்ந்தால் தெருமுனைத் தையல்காரரே மாற்றித் தரும் அளவில் ஜிப் இருக்கிறதா, தோள்பட்டி இணையும் இடத்தில் பெருக்கல் குறி போட்ட இரட்டைத் தையல் உண்டா என்று கடையிலேயே பார்த்துவிடலாம்.

தரம் சமமாக இருந்து, விலை பத்தில் ஒரு பங்குவரை கூடுதலாக இருந்தால் உள்நாட்டுப் பொருளையே எடுங்கள். இது எங்கள் உறுதியான கருத்து. பழைய வண்ணாரப்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ தைத்த ஒரு சட்டையில் வெட்டுபவர், ஓவர்லாக் அடிப்பவர், காஜா பட்டன் போடுபவர், இஸ்திரி போடுபவர் என்று நம் தெருவிலேயே நாலைந்து பேருக்குக் கூலி போகிறது. வெளியிலிருந்து தைத்தே வரும் சட்டையில் நம் ஊருக்கு மிஞ்சுவது ஏற்றுக்கூலி, வரி, கடைக்காரர் லாபம் மட்டுமே. விலையைக் குறைத்துப் போட்டியாளரை நசுக்குவதும் புதிதல்ல. 1906-ல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, எதிரே இருந்த ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது.

அதற்காக மட்டமான பொருளை "நம்ம ஊர்ச் சரக்கு" என்பதற்காகச் சகித்துக்கொள்ள வேண்டாம். நன்றாகச் செய்யும் உள்ளூர்க்காரருக்குத்தான் அதனால் முதலில் நஷ்டம்.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்: பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியத் தயாரிப்பு என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?

இல்லை. 890 என்பது அந்தக் கம்பெனி பார்கோடு எண்ணை இந்தியாவில் பதிவு செய்து வாங்கியது என்பதை மட்டும் காட்டும். இந்தியக் கம்பெனி ஒன்று வெளிநாட்டில் செய்யவைத்துக் கொண்டுவந்து விற்றாலும் 890 இருக்கலாம்.

பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், நிகர எடை, தயாரித்த மாதம்–ஆண்டு, எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகார் செய்ய ஒரு தொடர்பு ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளானால் எந்த நாட்டில் தயாரானது என்பதும் இருக்க வேண்டும். ஆன்லைனில் விற்கும்போதும் நாட்டின் பெயரைக் காட்டியாக வேண்டும். "மேனுபேக்சர்டு பை" என்ற வரிக்கு நேரே இருப்பதுதான் செய்தவர் பெயர். "மார்க்கெட்டட் பை" என்பது விற்பவர் பெயர். பெரிய எழுத்தில் கண்ணைப் பறிப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். "இம்போர்ட்டட் பை" என்று சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பொருள் வெளியிலிருந்து வந்தது. அந்த ஸ்டிக்கர் மடிப்பிலோ அடியிலோதான் இருக்கும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையை வைத்தும் நாட்டைச் சொல்ல முடியாது. வெளிநாட்டு ஆலைகளும் அந்த உரிமம் வாங்கலாம். அது தரத்துக்கான சான்று. முத்திரைக்கு மேலே அந்தப் பொருளுக்கான தர எண்ணான ஐ.எஸ். எண்ணும் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ். 2347, சீலிங் ஃபேனுக்கு 374, கேஸ் அடுப்புக்கு 4246. உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் ஆலையின் பெயர், முகவரி, உரிமம் உயிரோடு இருக்கிறதா என்பது எல்லாம் வந்துவிடும். செய்த இடத்தை அறிய இதைவிடச் சுலபமான வழி இல்லை. எண் இல்லாமல் முத்திரை மட்டும் இருந்தால் பொருளைக் கீழே வைத்துவிடுங்கள். செல்போன் சார்ஜருக்கு ஐ.எஸ்.ஐ. வராது, ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் வரும். அதையும் அதே செயலியில் பார்க்கலாம்.

உணவுப் பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கும். 124 என்று தொடங்கினால் தமிழ்நாட்டு உரிமம், 224 என்றால் இங்கே பதிவு செய்த சிறு தயாரிப்பாளர், 100 என்றால் மத்திய உரிமம். உள்ளே இருக்கும் பருப்பு எங்கே விளைந்தது என்பதை இந்த எண் சொல்லாது.

பெரம்பூர் வாசகி: மிக்ஸி போய்விட்டது. பாரிமுனைப் பக்கம் பெயர் தெரியாத மிக்ஸி, பெரிய பெயருள்ளதில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

முதலில், பழையது உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். ஸ்விட்சைப் போட்டால் சத்தமே இல்லையா? மிக்ஸியைக் கவிழ்த்தால் அடியில் சின்னச் சிவப்புப் பொத்தான் இருக்கும். அது ஓவர்லோடு சுவிட்ச். பிளக்கைப் பிடுங்கி, மோட்டார் ஆறும்வரை விட்டுவிட்டு, பொத்தானை அழுத்தி, ஜார் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். மோட்டார் சுற்றி பிளேடு மட்டும் சுற்றாவிட்டால், மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் பல் வைத்த கப்ளர் தேய்ந்திருக்கிறது. உள்ளே நெருப்புப் பொறி அதிகமாகத் தெரிந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். இரண்டுமே சின்னச் செலவு. காயில் கருகிய நாற்றம் வந்தால்தான் பெரிய செலவு. காயில் கம்பியை மறுபடி சுற்றும் ரீவைண்டிங் கூலியைக் கேட்டு, அது புது மிக்ஸி விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் புதியது வாங்குங்கள்.

கப்ளர் தானாகப் போவதில்லை. ஜாரின் அடி வாஷர் வழியாகத் தண்ணீர் இறங்கி, பிளேடு தண்டைத் தாங்கும் புஷ் துருப்பிடிக்கும், பிளேடு இறுகும், கப்ளர் பல் நொறுங்கும். வாரம் ஒரு முறை ஜாரைக் கவிழ்த்து அடிக் கப்ளரைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். கரகரவென்றால் உடனே புஷ், வாஷர் மாற்றுங்கள். பல மிக்ஸிகளில் 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் ஓய்வு என்று அச்சிட்டிருப்பார்கள். இட்லி மாவு முழுவதையும் ஒரே மூச்சில் அரைத்தால் எந்த மிக்ஸியும் தாங்காது.

புதிதாக வாங்குவதானால் பெயர் தெரியாததை எடுக்காதீர்கள். அதன் கப்ளர் பல்லின் அளவு தனி, ஜார் பூட்டும் வாய் தனி. ஒரு ஜார் உடைந்தால் மிக்ஸியே வீண். தமிழ்நாட்டில் பரவலாக ஓடும் இந்தியக் கம்பெனி மிக்ஸிகளுக்குப் பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் சாதாரண ரிப்பேர் கடையிலேயே உதிரிபாகம் கிடைக்கும். பணம் இறுக்கமான காலத்தில் உள்நாட்டுப் பொருளை எடுக்க இது ஒன்றே போதுமான காரணம். கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: காயில் செம்பா, அலுமினியமா? மோட்டாருக்கு எத்தனை வருட வாரண்டி? இந்த ஜாரின் புஷ் இங்கே தனியாகக் கிடைக்குமா? மூன்றாவதற்குத் தயங்கினால் அடுத்த மாடலைப் பாருங்கள். செம்பு என்று சொன்னால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வியாசர்பாடி வாசகர்: நாங்கள் சன்ஃபிளவர் ஆயில்தான் வாங்குகிறோம். அது உள்நாட்டுப் பொருள்தானே? பருப்பு?

பாக்கெட் இங்கே நிரப்பியது. எண்ணெய் பெரும்பாலும் கப்பலில் வந்தது. நம் நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்தும், சூரியகாந்தி முக்கியமாக ரஷ்யா, உக்ரைனிலிருந்தும் வருகிறது. 2022 ஏப்ரல் 28-ல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியதும், உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்ததும் நம் அடுப்படிவரை வந்து சுட்டன. வரியும் மாறிக்கொண்டே இருக்கும். சுத்திகரிக்காத எண்ணெய்களுக்கான அடிப்படைச் சுங்க வரி 2024 செப்டம்பரில் 20 சதவீதமானது. 2025 மே மாதக் கடைசியில் 10 ஆகக் குறைந்தது.

இங்கே விளைந்து இங்கே ஆடுபவை கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவை. செக்கு எண்ணெய் விலை கூடுதல். ஆனால் தாளிக்க ஒரு ஸ்பூன் போதும். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குத் தரும் பாமாயில் இறக்குமதிதான். அதனால் என்ன, தாராளமாக வாங்குங்கள். அப்பளம், வடை பொரிக்க அது. அன்றாடச் சமையலுக்குக் கடலை எண்ணெய். இரண்டும் சேர்ந்து ஆளுக்கு மாதம் அரை லிட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் செலவும் உடம்பும் நிலைக்கும். விலை ஏறப்போகிறது என்ற பேச்சைக் கேட்டு 15 கிலோ டின் வாங்கி வைக்காதீர்கள். திறந்த டின் நாள்பட்டால் காறல் அடிக்கும். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். அதே உயரப் பாக்கெட்டில் 800, 850 கிராம் போட்டு விலை குறைவாகக் காட்டுவதும் உண்டு. பாக்கெட் விலையை விட்டு, அருகில் அச்சிட்டிருக்கும் கிராம் விலையை ஒப்பிடுங்கள்.

துவரையில் ஒரு பகுதி மியான்மரிலிருந்தும் மொசாம்பிக், தான்சானியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வருகிறது. உளுந்துக்கும் மியான்மர் பெரிய வரத்து. டெல்டாவில் சம்பா அறுவடையை ஒட்டி வயலிலேயே விதைக்கும் உளுந்து பங்குனி, சித்திரை வாக்கில் சந்தைக்கு வரும். இட்லிக்கு உளுந்து அதிகம் செலவாகும் வீடானால் அந்தச் சமயத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு வாங்கி, வெயிலில் காயவைத்து, காய்ந்த மிளகாய் போட்டு மூடி வையுங்கள். ரேஷன் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், அதை விடாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் சாம்பாரைப் பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு என்று மாற்றினாலே துவரைச் செலவு கண்ணுக்குத் தெரியும் அளவு குறையும்.

ராயபுரம் வாசகர்: எம்.சி. ரோட்டில் "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்", அதாவது ஏற்றுமதியில் மிஞ்சியது என்று டி-ஷர்ட் குவித்து விற்கிறார்கள். நம்பலாமா?

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூருக்குப் பெரிய அடி விழுந்தது. ஆர்டர் ரத்தான நல்ல சரக்கு உள்ளூர்ச் சந்தைக்கு வருவது புதிதல்ல. அதை வாங்கினால் நமக்கும் லாபம், அவர்களுக்கும் முடங்கிய பணம் திரும்பும். ஆனால் அதே குவியலில் கழித்துப்போட்ட ரிஜெக்ட்டும் கலந்திருக்கும். லேபிளை வெட்டியிருப்பது குறையல்ல. கம்பெனிப் பெயர் தெரியக்கூடாது என்று சர்ப்ளஸிலும் வெட்டுவார்கள்.

வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊசித் துளை, நூல் விட்ட இடம் பாருங்கள். மேசையில் விரித்தால் பக்கத் தையல் நேராக இறங்க வேண்டும். அது முன்பக்கம் திரும்பியிருந்தால் துணி முறுகல், துவைத்தால் இன்னும் திரும்பும். இரண்டு கையையும் சேர்த்து மடித்து நீளம் ஒப்பிடுங்கள். ஈரக் கைக்குட்டையால் உள்பக்கம் தேய்த்துச் சாயம் பாருங்கள். துணி கனம் 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) அளவில் இருந்தால் அன்றாடம் போட்டாலும் உழைக்கும். 140-க்குக் கீழே பனியன் மாதிரி ஆகிவிடும்.

ஈவினிங் பஜார் பக்கம் கடை வைத்திருக்கும் வாசகர்: பிளாஸ்டிக் பொம்மைகள்தான் என் வியாபாரம். மலிவான வெளிநாட்டுச் சரக்கு நிறுத்தினால் வாடிக்கையாளர் போய்விடுவார்களே?

அண்ணாச்சி, இதில் நாட்டைவிடச் சட்டம் முந்தி நிற்கிறது. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. கட்டாயம். சாதாரண பொம்மைக்கு ஐ.எஸ். 9873, மின்சாரம் அல்லது பேட்டரியில் ஓடுவதற்கு 15644. இல்லாததை விற்றால் 2016-ஆம் ஆண்டின் பி.ஐ.எஸ். சட்டப்படி முதல் தடவையே குறைந்தது 2 லட்ச ரூபாய் அபராதம் அல்லது இரண்டு வருடம்வரை சிறை. செய்தவருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் இது பொருந்தும். பொம்மை இறக்குமதிக்கான சுங்க வரியும் 20 சதவீதத்திலிருந்து 2020-ல் 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் ஏறியது. பில் இல்லாத மலிவுச் சரக்கு எந்த வழியில் வந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

இருக்கும் சரக்கைப் பிரித்து, எண் இல்லாததை மொத்த வியாபாரியிடம் திருப்பப் பாருங்கள். புதுக் கொள்முதலில் பில்லோடு, ஒவ்வொரு மாடலின் உரிம எண்ணையும் எழுதி வாங்குங்கள். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை போன்ற புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. கொலுச் சமயத்தில் அவை நன்றாகவே ஓடும்.

கொருக்குப்பேட்டை வாசகி: இங்கே பட்டறையில் செய்யும் எவர்சில்வர் பாத்திரம் நல்லதா? காந்தம் ஒட்டினால் போலி என்கிறார்களே?

காந்தத்தை நம்பாதீர்கள். நிக்கல் கலந்த 304 ரகத்திலும் ஒட்டாது, மாங்கனீசு அதிகமுள்ள மலிவு 200 வரிசை ரகங்களிலும் ஒட்டாது. ஒட்டுகிற 430 ரகமும் பாத்திரத்துக்கு ஏற்றதே. புளி, உப்பு, ஊறுகாய் வைப்பதற்கு 304 கேளுங்கள். மலிவு ரகத்தில் உப்பு தங்கிய இடத்தில் சின்னச் சின்னக் குழி விழுந்து துரு தெரியும். அரிசி, மாவு டப்பாவுக்கு மலிவு ரகம் போதும், காசை வீணாக்க வேண்டாம். எடை போட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரே அளவுக் குண்டான் இரண்டில் கனமானதை எடுங்கள், அடி பிடிக்காது. விளிம்பு மடிப்பில் விரலை ஓட்டினால் கீறக்கூடாது. கைப்பிடி வெல்டிங்கில் கருப்புப் புள்ளி இருந்தால் அங்கேதான் முதலில் விடும். இந்தப் பாத்திரங்களுக்கான தர எண் ஐ.எஸ். 14756. நிக்கல் முழுக்க வெளிநாட்டிலிருந்து வருவதால் 304-ன் விலை டாலரோடு ஏறும். பட்டறைக்காரர் விலை கூட்டினால் அவர்மேல் கோபப்படாதீர்கள்.

சௌகார்பேட்டை வாசகி: காலம் சரியில்லை என்று தங்கம் வாங்கி வைக்கலாமா? நகை இங்கே செய்ததுதானே?

செய்தது இங்கே, தங்கம் அநேகமாக எல்லாம் இறக்குமதி. அதைவிட முக்கியம் கணக்கு. சேதாரம் 12 சதவீதம் என்றால் 8 கிராம் சங்கிலிக்கு 8.96 கிராமின் விலை கொடுப்பீர்கள், அதன் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. அவசரத்துக்கு விற்கும்போது 8 கிராமுக்குத்தான் காசு. கல்யாணம் நெருங்கினால் வீட்டில் கிடக்கும் பழைய நகையை மாற்றிச் செய்யுங்கள், பொற்கொல்லருக்கும் வேலை. புதியதில், ஹால்மார்க்கோடு வரும் ஆறு எழுத்து–எண் கொண்ட தனி அடையாளமான ஹெச்.யு.ஐ.டி. கட்டாயம் இருக்க வேண்டும்.

மணலி வாசகர்: "மேட் இன் இந்தியா" செல்போன்?

இங்கே பொருத்தியது, வேலை கிடைத்தது நம் பிள்ளைகளுக்கு. அது நல்ல விஷயம். சிப் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதால் டாலர் ஏறினால் இதன் விலையும் ஏறும். ஓடுகிற போனுக்கு பேட்டரி மாற்றி இன்னும் ஒரு வருடம் ஓட்டுவதே இப்போதைக்குச் சிறந்த கொள்முதல்.

திருவொற்றியூர் வாசகர்: உள்ளூர்க் கம்பெனி கிரைண்டர் வாங்கி இரண்டு மாதத்தில் நின்றுவிட்டது. கடைக்காரர் கம்பெனியைக் கை காட்டுகிறார், கம்பெனி கடைக்காரரை. என்ன செய்வது?

பில், வாரண்டி அட்டை, கிரைண்டரின் வரிசை எண் தெரியும் படம் மூன்றையும் எடுத்து வையுங்கள். வாரண்டி பில் தேதியிலிருந்து ஓடுவதால் பில்தான் உயிர். கடைக்கும் கம்பெனிக்கும் ஒரே கடிதத்தை, சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையானால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை தொடங்கிய இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி கோயம்புத்தூரில் இருந்தாலும் சரி. மனுவில் கடையையும் கம்பெனியையும் சேர்த்தே எதிர்த் தரப்பாகக் காட்டுங்கள். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் அவர்மேல் பழி போட்டுத் தப்பிப்பார். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினாலோ, எடை குறைந்தாலோ அது தனி. தொழிலாளர் துறையின் கீழ் இயங்கும் சட்டமுறை எடையளவுப் பிரிவுக்குப் புகார் எழுதுங்கள்.